பூட்டாத பெட்டியும் அடியில் போன ஜாதகமும்

நீங்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். அது எனக்குத் தெரியும். இந்த அலுவலகத்தை நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நீங்களே அதை ஞாபகப்படுத்திவிடுகிறீர்கள். ஓய்வு பெற்றவளுக்கு ஒரு நாற்காலியும் ஒரு காபியும் கொடுத்து, "உங்க காலத்துல எப்படி மேடம்?" என்று கேட்பது உங்கள் மரியாதை. கேட்டுவிட்டு, நான் வாயைத் திறந்ததும் போனைப் பார்ப்பது உங்கள் வழக்கம். அதனால்தான் இதை எழுதித் தருகிறேன். பாதியில் வைத்துவிட்டுப் போனைப் பார்த்தாலும் காகிதம் கோபித்துக்கொள்ளாது.

போன வாரம் உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும், அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வயர்லெஸ் மாட்டிவிட்டு வந்து, "டெஸ்டிங் முடியற வரைக்கும் பாஸ்வேர்டு இல்லாம ஓப்பனா விட்டிருக்கேன் மேடம். அப்புறம் போட்டுக்கலாம்" என்றார். அந்த 'அப்புறம்' என்ற சொல்லைக் கேட்டதும் என் அடிவயிற்றில் பழைய தையல் ஒன்று சுருக்கென்றது. பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையான தையல்தான். அதன் கதைதான் இது.

தொண்ணூறுகளின் கடைசி. கம்பியில்லாமல் கம்ப்யூட்டர்களை இணைப்பது என்பது அப்போது அதிசயம். சென்னையில் அதை வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் கம்பெனி தி. நகரில், பனகல் பூங்காவை ஒட்டிய ஒரு சந்தில், புடவைக்கு ஃபால் அடிக்கும் கடைக்கு மாடியில் இருந்தது. கீழே தையல் மிஷின்கள் ஓட, மேலே நாங்கள் கேபிளுக்கு முனை அடித்துக்கொண்டிருப்போம். இரண்டு சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எனக்கு மேலே ஒரு சீனியர் இருந்தார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவர் போட்ட பிச்சை. வாடிக்கையாளர் முன்னால் முகத்தைச் சுளிக்கக்கூடாது, தெரியாததைத் தெரியாது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும், யார் வீட்டுச் சுவரிலும் கேட்காமல் ஓட்டை போடக்கூடாது, எல்லாம் அவர் சொன்னதுதான். அவருக்கு ஒரு தாரக மந்திரம் உண்டு. "முதல்ல ஓடட்டும் தங்கச்சி, அப்பால பூட்டிக்கலாம்." கெட்ட மந்திரம் இல்லை. ஓடாத ஒன்றைப் பூட்டி என்ன பயன்? ஆனால் அந்த 'அப்பால' எப்போது என்று மந்திரத்தில் சொல்லவில்லை.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பெண்கள் மருத்துவமனை. மருத்துவமனை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். பழைய காலத்து வீட்டின் கீழ்த்தளம், ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், வரவேற்பில் ஒரு மேஜை. சுவர்களோ ஒரு முழம் கனம். வீட்டுக்காரரோ ஓர் ஆணிகூட அடிக்க விடாதவர். கேபிள் இழுக்க வழியில்லை. டாக்டரின் தம்பி வெளிநாட்டிலிருந்து ஒரு வயர்லெஸ் பெட்டியும், அதோடு பேச ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் செருகும் அட்டைகளும் அனுப்பியிருந்தார். அண்ணன் போய் மாட்டினார். நான் அன்றைக்கு வேறு வேலையில் இருந்தேன்.

அந்தப் பெட்டியின் திரையில் என்கிரிப்ஷன் என்ற இடத்தில் மூன்றே தேர்வுகள் இருக்கும். ஒன்றுமில்லை, நாற்பது பிட், நூற்றிருபத்தெட்டு பிட். பூட்டே இல்லை, சின்னப் பூட்டு, பெரிய பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் எதைப் போடுகிறோமோ அதையேதான் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் போட வேண்டும். அண்ணன் பெரிய பூட்டைப் போட்டார். வரவேற்புக் கம்ப்யூட்டர் வந்தது. டாக்டரின் மடிக்கணினி வரவில்லை. அதிலிருந்த அட்டை பழைய மாடல், சின்னப் பூட்டுக்கு மேல் அதற்குத் தெரியாது. வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் சின்னப் பூட்டாக மாற்றிப் பார்க்க நேரமில்லாமல் அண்ணன் 'ஒன்றுமில்லை'யைத் தேர்ந்தெடுத்தார். எல்லாம் ஜோராக ஓடியது. நோயாளிகளின் விவரங்கள் இருந்த ஃபோல்டரையும் இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக, கேள்வி கேட்காமல் திறக்கும்படி வைத்துவிட்டு வந்தார். அப்பால பூட்டிக்கலாம்.

இங்கேதான் நான் கதைக்குள் வருகிறேன், அதுவும் நோயாளியாக. நாங்கள் அப்போது அசோக் நகரில் இருந்தோம். ஆனால் என் அம்மா மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். வீடுதான் மாறியதே தவிர டாக்டர், ஜோசியர், காபிப்பொடி எதையும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த வருஷம் எனக்குக் கருப்பையை ஒட்டி ஒரு கட்டி வந்தது. அதே டாக்டரம்மாதான் அறுவை செய்து எடுத்தார். சாதாரணக் கட்டி, கெடுதல் ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த இடத்தில் கத்தி பட்டது என்றால் ஊர் என்ன பேசும்? 'குழந்தை பிறக்காதாம்' என்பதில் ஆரம்பித்து எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தும். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"ஆத்துல நடந்தது ஆத்தோட இருக்கட்டும். உன் சித்திக்குக்கூடத் தெரியப்படாது."

சித்திக்குத் தெரியவில்லை. அப்பாவின் சொந்தங்களுக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் அண்ணனுக்கு மட்டும் 'உடம்பு சரியில்லை' என்று தெரியும். நான் திரும்பி வந்ததும் கேபிள் சுற்றிய பெரிய ஸ்பூல் எதையும் தூக்க விடவில்லை; ஏன் என்று கேட்கவும் இல்லை.

உடம்பு தேறியதும் அம்மா என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே? அதே கட்டடத்தின் மாடிக்கு. டாக்டருக்கு நேர் மேலே ஒரு மாமா திருமணத் தகவல் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். கீழே உடம்பைப் பார்த்துக்கொண்டு மேலே வரனைப் பார்த்துக்கொண்டு போகலாம், அப்படி ஒரு வசதி. மாமா தங்கமானவர். வாய்தான் கொஞ்சம் நீளம். அவர் கை பட்ட ஜாதகம் மூன்று மாதத்தில் முடியும் என்று பேர். மேஜையில் ஜாதகக் கட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்; வரன் தேடி வருகிறவர்களுக்கு மேலேயிருந்து எடுத்துக் காட்டுவார். அடியில் இருப்பதை எடுக்க யாரும் குனிய மாட்டார்கள்.

என் ஜாதகம் மட்டும் முடியவில்லை. முடியாதது மட்டுமில்லை, ஒருத்தர்கூடக் கேட்டு வரவில்லை. அம்மா போய்க் கேட்டால் மாமா கண்ணை மூடிக்கொண்டு, "வேளை வரணுமோல்லியோ மாமி" என்பார். அம்மா வேறொரு ஜோசியரிடம் போனாள். அவர் சனி பார்க்கிறான் என்றார். விளைவு, சனிக்கிழமை தவறாமல் கபாலி கோவிலில் எள் தீபம் போட்டு நவக்கிரகத்தைச் சுற்றினேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சுற்றாமல் இருக்க முடியாது. சுற்றிச் சுற்றி, மற்ற எட்டுக் கிரகங்களும் என்னை அடையாளம் கண்டு தலையாட்டும் அளவுக்குப் பழகிவிட்டேன்.

அந்த வருஷம் விஜயதசமிக்கு டாக்டரம்மா புதிதாக ஸ்கேன் அறை திறந்தார். வேண்டியவர்கள், உடன் படித்த டாக்டர்கள் என்று கொஞ்சம் பேருக்கு அழைப்பு. குத்துவிளக்கு ஏற்றி, ஸ்கேன் அறையில் எடுத்த படம் டாக்டரின் மேஜையில் இருக்கும் மடிக்கணினிக்கு வந்து சேருவதைக் காட்ட வேண்டும், அதுதான் விழாவின் சிறப்பு. ஸ்கேன் அறைக் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் சேர்க்க என்னை அனுப்பினார்கள். 'அந்தப் பொண்ணையே அனுப்புங்கோ' என்று டாக்டரம்மாவே கேட்டாராம். நல்ல நேரம் முடிவதற்குள் ஓட வேண்டும்.

நான் போனபோது நர்ஸ் வாசலில் மாக்கோலத்தின் மேல் யாரும் கால் வைத்துவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுண்டல் வாசனை. பெட்டியின் திரையைத் திறந்து, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். புதியதை இன்னும் சேர்க்கவில்லை. வரவேற்பு ஒன்று, மடிக்கணினி ஒன்று, ஆக இரண்டு இருக்க வேண்டும். மூன்று இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வீர்கள்? நம்மில் பாதிப் பேர் திரையை மூடிவிட்டுத் திரும்பத் திறப்போம், தானாகச் சரியாகிவிடும் என்று. நானும் அதைத்தான் செய்தேன். மூன்றுதான். வரவேற்புக் கம்ப்யூட்டரையும் மடிக்கணினியையும் இணைப்பிலிருந்து எடுத்தேன். ஒன்று மிச்சம் இருந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் என்கிரிப்ஷன் இருக்கும் இடத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திறந்து கிடந்த அந்த ஃபோல்டரில் என் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, என்ன அறுவை என்பதும் இருக்கிறது. சித்திக்கே தெரியக்கூடாதது காற்றில் பறந்துகொண்டிருக்கிறது. என்னைப் போல எத்தனை பெண்களோ.

வரவேற்பு மேஜை போனிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தி. நகரில் ஒரு பாத்திரக்கடையில் ஏணி மேல் நின்றபடியே கடை போனை வாங்கிப் பேசினார்.

"இன்னாம்மா, மூணு காட்டுதா? எதுனா பழசு மாட்டிக்கினு கீதோ இன்னாவோ. வுடு."

"இல்லண்ணா, ரெண்டையும் எடுத்துட்டுப் பார்த்தேன். யாரோ இருக்காங்க. நான் பூட்டைப் போடப் போறேன்."

"இப்பயா? தங்கச்சி, அந்த டாக்டர் லேப்டாப்பு பூட்டு போட்டா வராது, சொல்ட்டேன். அத்தினி பேர் முன்னாடி அது வரலன்னா அந்தம்மா மானம் பூடும், நம்ம பேரும் பூடும். விழா முடியட்டும். அப்பால நானே வந்து போட்றேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம். தப்பான ஆலோசனை எப்போதும் முட்டாள்தனமாக வந்து நிற்காது. நல்ல மனிதர் ஒருவரின் குரலில், நியாயமான காரணத்தோடுதான் வரும். "அண்ணா, போனை வெச்சிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் பேச்சை நான் கேட்காதது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மாவை உள்ளறைக்குக் கூப்பிட்டேன். பட்டுப்புடவையில், கையில் தீப்பெட்டியோடு வந்தார். விஷயத்தை அப்படியே சொன்னேன். யாரோ ஒருவர் உள்ளே இருக்கிறார், யார் என்று தெரியவில்லை, எத்தனை நாளாக என்றும் தெரியவில்லை. இப்போதே மூடலாம். பெரிய பூட்டு போட்டால் உங்கள் மடிக்கணினி வெளியே நிற்கும். சின்னப் பூட்டு போட்டால் எல்லாம் வரும் என்று நினைக்கிறேன், ஆனால் நான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. விழாவில் சொதப்பினாலும் சொதப்பும்.

அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"ஒருத்தருக்கு ரத்தம் போயிண்டிருக்கும்போது பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாமா வேண்டாமான்னு பேசிண்டா நிப்பேன்? கைல இருக்கற துணியை வெச்சு முதல்ல அமுக்குவேன். சின்னதைப் போடு."

"விழாவுல வரலேன்னா டாக்டர்?"

"வரலேன்னா சுண்டல் இருக்கு. அதைச் சாப்ட்டுட்டுப் போகட்டும்."

அந்த நாற்பதுக்கும் நூற்றிருபத்தெட்டுக்கும் பின்னாளில் என்ன கதி ஆனது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். இரண்டுமே தகர டப்பா என்று தெரிந்துவிட்டது. இன்று நீங்கள் பெருமையாகப் போடுவதையும் ஒருநாள் எவனாவது திறந்து காட்டுவான். அதற்காகப் பூட்டாமல் இருக்க முடியுமா? இன்றைக்குக் கையில் இருக்கிற பூட்டை இன்றைக்கே போட வேண்டும். நாளைக்கு நல்லது கிடைத்தால் நாளைக்கு மாற்ற வேண்டும். வேறு சூத்திரம் எனக்குத் தெரியாது.

அடுத்தது சாவி. பத்து இடம், எண்களை வைத்து நிரப்ப வேண்டும். டாக்டரம்மா சட்டென்று, "கிளினிக் போன் நம்பரைப் போட்டுடேன், மறக்காது" என்றார். படித்தவர், படிக்காதவர் என்றில்லை, எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். தி. நகரில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர், ராசி எண் ஐந்து என்று கார், போன், சாவி எல்லாவற்றையும் ஐந்திலேயே வைத்திருந்தார். அவர் காரைப் பார்த்தாலே கடைக்குள் நுழைந்துவிடலாம்.

மேஜை மேல் நோயாளிகளுக்குக் கொடுக்கும் டோக்கன் டப்பா இருந்தது. பிளாஸ்டிக் வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். டப்பாவைக் குலுக்கி நீட்டினேன். "கண்ணை மூடிண்டு எடுங்கோ." அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட, ஒவ்வொன்றின் கடைசி இலக்கத்தையும் நான் தட்டிக்கொண்டே போனேன். அவருக்கும் தெரியாத, எனக்கும் தெரியாத, எந்த ராசிக்கும் ஒட்டாத ஒரு சாவி கிடைத்தது. விஜயதசமியன்று அப்படித்தான் எங்கள் வித்யாரம்பம் நடந்தது.

பெட்டியில் போட்டேன். வரவேற்பில் போட்டேன், வந்தது. ஸ்கேன் அறையில் போட்டேன், வந்தது. மடிக்கணினியில் போட்டுவிட்டு, கபாலி முதல் சனீஸ்வரன் வரை ஒருவரையும் விடாமல் கூப்பிட்டேன். அது தன் இஷ்டத்துக்கு யோசித்துவிட்டு, வந்தது. ஃபோல்டருக்கும் கடவுச்சொல் வைத்தேன். இப்போது இணைந்திருப்பவர்கள் மூன்று பேர், மூன்றும் நம்முடையவை. அழையாத அந்த ஆள் வெளியே. விளக்கு ஏற்றினார்கள், படம் வந்தது, கைதட்டினார்கள். எனக்கு ஒரு தட்டு சுண்டல் கிடைத்தது. யார் அந்த ஆள், எங்கே போய்த் தேடுவது என்று நினைத்துக்கொண்டே ஒரு வாய் போட்டேன்.

தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆளே மாடிப்படி இறங்கி வந்துவிட்டார்.

மாமாதான். கையில் ஒரு மடிக்கணினியைத் தாம்பாளத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை விட்டுவிட்டுப் போனதாம். அதன் பக்கவாட்டில் ஒரு வயர்லெஸ் அட்டை துருத்திக்கொண்டிருந்தது.

"டாக்டர், விழா அமர்க்களம். இதை மட்டும் கொஞ்சம் பாருங்கோளேன். காலம்பற வரைக்கும் உங்க கம்ப்யூட்டர் இதுல ஜம்முனு வந்துண்டிருந்தது. இப்போ திடீர்னு காணலை. எதுவும் ரிப்பேரோ?"

டாக்டரம்மாவின் முகம் வெளுத்தது. "எங்க கம்ப்யூட்டர் உங்களுக்கு எப்படி மாமா வந்தது?"

"தானா வந்தது. திறந்தா உங்க பேர்ல ஒரு பெட்டி, அதைத் தட்டினா உள்ளே எல்லாம். ஒரே கட்டடம், பொதுவா வெச்சிருக்கேள்னு நெனச்சுண்டேன். ஒண்ணையும் தொடலை, அழிக்கலை, சத்தியமா. சும்மா பார்த்துண்டிருந்தேன்."

பிறகு என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடே, நீயா! உன் பேர்கூட இருந்துதே அதுல. இப்போ உடம்பு தேவலையா கொழந்தே? அம்மாட்ட நான் ஒண்ணும் கேட்டுக்கலை. பாவம், சங்கடப்படுவா. உடம்பு நன்னாத் தேறட்டும், அவசரப்படுத்த வேண்டாம்னுதான் உன் ஜாதகத்தை அடியில வெச்சிருக்கேன்."

சுண்டல் தட்டை ஓரமாக வைத்தேன். எள் தீபங்கள் எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. சனி எங்கேயும் பார்க்கவில்லை. மாமாதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அந்த முகத்தில் துளி விஷமம் இல்லை. இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் உண்மையிலேயே எனக்கு ஒரு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னோடது மட்டுமா மாமா அடியில இருக்கு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"உன்னை மாதிரி இன்னும் சில கொழந்தைகளோடதும்தான். பாவம், ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு கஷ்டம்."

பிள்ளைகளே, இந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. நெட்வொர்க்கைப் பூட்டு என்றால் உங்கள் மனக்கண்ணில் முகமூடி போட்ட திருடன் ஒருவன் வருகிறான். எனக்கு வருவது, வாய் நிறையக் 'கொழந்தே' என்று கூப்பிடும் ஒரு நல்ல மனிதர். அவர் எதையும் திருடவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. பார்த்தார், பரிதாபப்பட்டார், அவ்வளவுதான். அந்தப் பரிதாபத்தில் சில பெண்களின் வாழ்க்கை ஒரு கட்டுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. அவர்களும் எங்கெங்கோ எந்தெந்தக் கிரகத்தையோ சுற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.

டாக்டரம்மாதான் முதலில் பேசினார். "மாமா, இவளுக்கு எடுத்தது ஒரு கட்டி. போன வருஷம் உங்களுக்குக் கடைவாய்ப்பல்லை எடுத்தா இல்லையா, அந்த மாதிரி. அதுக்காக உங்களை யாராவது அடியில வெச்சாளா?"

மாமா கையிலிருந்த மடிக்கணினியை மூடினார்.

"இது என் தப்பு. நீங்க பார்க்கற மாதிரி நான் விட்டிருக்கப்படாது. ஆனா பார்த்ததை வெச்சுண்டு நீங்க ஒண்ணும் பண்ணியிருக்கப்படாது. வாங்கோ மேலே."

விருந்தாளிகளை விட்டுவிட்டுப் பட்டுப்புடவையோடு அவர் படியேறினார். மாமா பின்னால், நான் அதற்கும் பின்னால். மேஜையில் இருந்த கட்டை மாமா தன் கையாலேயே கவிழ்த்துப் பிரித்தார். அடியில் இருந்தவை எல்லாம் மேலே வந்தன. "நான் நல்லதுன்னு நெனச்சேன் டாக்டர்" என்று இரண்டு முறை சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. மீதியை வைத்துக்கொண்டேன், இந்தத் தொழிலுக்கு அது தேவைப்படுகிறது.

அந்த வாரமே டாக்டரம்மா சம்பந்தப்பட்ட ஒவ்வொரு பெண்ணையும் தானே போனில் கூப்பிட்டு, இப்படி ஆகிவிட்டது, இன்னார் பார்த்திருக்கிறார், இப்போது மூடிவிட்டோம் என்று சொன்னார். சிலர் அழுதார்கள், ஒருத்தி ஏகமாகத் திட்டினாளாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பூட்டுவது வேலையில் பாதிதான். பூட்டாமல் இருந்த நாட்களுக்குப் பதில் சொல்வது மறுபாதி. இரண்டாவதைச் செய்கிற தைரியம் அதற்குப் பிறகு நான் அதிகம் பேரிடம் பார்க்கவில்லை.

மறுநாள் நடந்ததை அண்ணனிடம் சொன்னேன், என் பெயரை விட்டுவிட்டு. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஸ்பூல் தூக்க விடாதவர் இல்லையா. தன் செலவில் புது அட்டை வாங்கிக்கொண்டு போய் டாக்டரின் மடிக்கணினியில் மாட்டி, பெரிய பூட்டுக்கு மாற்றிவிட்டு வந்தார். மன்னிப்பு என்றெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்து வந்த பையன்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த மந்திரம் மாறியிருந்தது. "டேய், முதல்ல பூட்டு. ஓடலியா? பூட்டிக்கினே ஓட வை. அப்பாலன்னு எவனா சொன்னான், ஏணிலேர்ந்து தள்ளிடுவேன்."

ஜாதகம் மேலே வந்தபின் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? தை பிறப்பதற்குள் வரன்கள் வர ஆரம்பித்தன. அம்மா, சனீஸ்வரன் கண் திறந்துவிட்டான் என்றாள். கடைசிவரை அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை. இரண்டு குடும்பமும் பேசி ஏறக்குறைய முடிவானபின், அந்த மனிதரை அடையாறில் ஒரு ஓட்டலில் தனியாகப் பார்த்தேன். அம்மா கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, அந்த விஷயத்தை மட்டும் வாயைத் திறக்காதே என்று கெஞ்சியிருந்தாள். ரவா தோசை வருவதற்குள் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்ன கட்டி, எங்கே, எப்போது, இப்போது எப்படி.

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் ஆயிருக்கு. எங்கம்மா சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டு அனுப்பிச்சா" என்றார்.

அந்த மனிதர் இப்போது உள்ளே உட்கார்ந்து, நான் இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது கிடக்கட்டும். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். மாமாவுக்குத் தெரிந்ததும் அதே விஷயம், இவரிடம் நான் சொன்னதும் அதே விஷயம். ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே நான் இல்லாதபோது என்னைப் பற்றித் தீர்ப்பு எழுதப்பட்டது. இங்கே நானே உட்கார்ந்து, நானே வாயைத் திறந்து, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சொல்வதும் சொல்லாததும் என் கையில் இருந்தது. நாம் போடும் பூட்டு அதற்காகத்தான்.

அடையாறு பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளின் விவரம் அந்தக் காற்றில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பெயர் சொல்லாமல் விட்டேனே, அந்த ஆள் காபியை அப்படியே வைத்துவிட்டு இப்போதே கிளம்பலாம்.